ருக்சானா திருப்பி அழைத்த சரக்கு

ஏற்காடு மார்க்கெட் தெருவில் அந்தக் கடையின் போர்டில் 'ருக்சானா டிரேடர்ஸ்' என்றுதான் எழுதியிருந்தது. ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆசிக் பாய் மிளகுக் கடை என்றால்தான் தெரியும். பெண்கள் பெயரில் தொழில் இருந்தால் கடனுக்கு வட்டி குறையும் என்று வங்கியில் யாரோ சொல்லப்போக, முகமது ஆசிக் லைசென்ஸ், கணக்கு, கடன் எல்லாவற்றையும் மனைவி பெயரில் எடுத்திருந்தான். ஓடியாடி வாங்குவது, விற்பது, பேசுவது எல்லாம் அவன். கையெழுத்து மட்டும் ருக்சானாவுடையது.

ருக்சானா சேலம் கோட்டைப் பக்கம் பிறந்தவள். தபால் வழியில் பி.காம் முடித்த வருடமே கல்யாணமாகி மலையேறினாள். முதல் சில வருடங்கள் புருஷன் நீட்டிய இடத்திலெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். மகள் அமீனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பகலில் வீடு வெறிச்சென்று கிடந்தது. அப்போதுதான் போடுகிற கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள். பிறகு அந்த வேலை முழுவதும் அவளிடமே வந்துவிட்டது. ஆசிக்குக்கு அதில் நிம்மதிதான்.

தொழில் பெரிதொன்றும் இல்லை. தலைச்சோலை, வாழவந்தி பக்கத்துத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்த கொடிகளிலிருந்து பறித்துக் காயவைத்த மிளகை வாங்குவார்கள். கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் தூசி தட்டி, உள்ளீடற்ற பொக்கு மணிகளை நீக்கி, பருமனான மணிகளைத் தனியாகச் சலித்து எடுப்பார்கள். அது போலந்து நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில் இருந்த ஒருவருக்குப் போகும். அவர் அதைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, சேர்வராயன் மலை மிளகு என்று லேபிள் ஒட்டி, அங்கே கடைகளுக்குக் கொடுப்பார். சாதாரண மிளகைவிட நல்ல விலை கிடைக்கும். வீட்டில் அவரைப் போலந்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை ஏற்காட்டுக்கே வந்து அவர்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். ஆசிக் அவரைத் தலைச்சோலைக்கு அழைத்துப்போய், மிளகு கொடுக்கும் சித்தனின் தோட்டத்தில் மரத்தில் சாய்த்த ஏணியில் ஏற்றிப் படம் எடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தரமாவது போனில் பேசிக்கொண்டார்கள். ஆசிக்கின் இங்கிலீஷும் அவருடைய இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனாலும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்.

சரக்கு போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் அவர் பணம் அனுப்புவார். அந்த இடைவெளிக்காக வங்கி ஒரு நிபந்தனை போட்டது. ஏற்றுமதிக் கடன் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். கடல் தாண்டி வாங்குகிறவர் திவாலானாலோ, பணம் கொடுக்காமல் இழுத்தடித்தாலோ, நஷ்டத்தில் பெரும்பகுதியை இன்சூரன்ஸ் கம்பெனி விற்றவருக்குத் தரும். அதற்கு இவர்கள் செய்யவேண்டியவை சில உண்டு. அனுப்பிய சரக்கை மாதாமாதம் தெரிவித்து பிரீமியம் கட்டவேண்டும். பணம் தவணை தாண்டினால் உடனே சொல்லவேண்டும். பழைய பில் நிலுவையில் இருக்கும்போது அதே ஆளுக்குக் கேட்காமல் புதுச் சரக்கு அனுப்பக்கூடாது. பிரீமியம் கட்டும் நாளில் ஆசிக் சலித்துக்கொள்வான். "தின்னாமக் கொள்ளாம இவனுங்களுக்குக் கட்டறமே, ஒரு நாளாச்சும் திரும்பி வந்திருக்குதா?" என்பான். ருக்சானா பாட்டுக்குக் கட்டிவிடுவாள்.

அந்த வருடம் வைகாசியில் பில் ஒன்று தவணை தாண்டியது. முன்பும் சில நாள் தாமதம் ஆனதுண்டு. இது மாதம் ஒன்றைத் தாண்டியும் வரவில்லை. ருக்சானா அதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தாள். அதே நேரத்தில் ஆசிக் இன்னொரு கன்டெய்னருக்குச் சரக்கு சேர்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, சேலத்துல இன்சூரன்ஸ் ஆபீஸ் வனிதா மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாமுங்க. பழைய பில்லு நிக்கறப்ப இதுக்கு கவர் கிடையாது" என்றாள்.

"இத்தனை வருசமா வாங்கறவரு. எங்க ஓடிப்போயிருவாரு? இந்தச் சரக்கு போனாத்தான் அவருக்குக் கடைக்காரன் காசு குடுப்பான். அப்பறம் நமக்குக் குடுப்பாரு."

"அது அவரு சொல்றதுங்க."

"நான் சொல்றேன், போதுமா?"

அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பெரிய சண்டை இல்லை, வீட்டில் நடக்கிற சாதாரண முறைப்புதான். மூன்றாம் நாள் காலையில் ஆசிக் டூ வீலரில் சேலம் போனான். கன்டெய்னரில் மூட்டைகளை அடுக்கி, சீல் வைத்து, தூத்துக்குடிக்கு லாரியை அனுப்பிவிட்டு மழையில் மலையேறினான். பதினாலாவது வளைவில், இறங்கி வந்த சுற்றுலா வேன் ஒன்று பிடிப்பு இழந்து அவன்மேல் ஏறியது.

போன் வந்தபோது ருக்சானா சமையலறையில் இருந்தாள். பேசியவர் யாரென்று தெரியவில்லை. அவர் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டாள். அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த பருப்பின்மேல் தட்டைப் போட்டு மூடினாள். முன்னறையில் மாமனார் அப்துல் காதர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "மாமா, சட்டைய மாத்துங்க, ஆஸ்பத்திரி போவணும்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லாததால் அவருக்கு முதலில் விஷயம் பிடிபடவில்லை.

அடக்கம் முடிந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து ருக்சானாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுது முடிக்கும்வரை அவள் அசையாமல் இருந்துகொடுத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வரவேண்டும் என்று உள்ளே தேடிப் பார்த்தாள். உடம்பில் ஒரு பக்கம் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி. சித்தப்பா முறையான பஷீர் சாச்சாவின் மனைவி அவள் காதருகே, "அழுதுரு கண்ணு, உள்ள வெச்சுக்காத" என்றாள். "வரல சாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் துஆ ஓதி முடிந்தபின் சேலத்திலிருந்து குழந்தைவேல் வந்தார். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலைகளைப் பார்த்துக் கப்பலில் சரக்கு ஏற்றிக்கொடுக்கும் ஏஜென்ட் அவர். முன்னறையில் அப்துல் காதருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கய்யா. பாய் ஏத்திவிட்ட சரக்கு தூத்துக்குடி சேந்துருச்சு. நாளான்னிக்குக் கப்பல். அதை நான் பாத்து நல்லபடியா அனுப்பிச்சுடறேனுங்க" என்றார்.

உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து ருக்சானாவின் குரல் வந்தது.

"அண்ணா, அதை அனுப்ப வேண்டாம். திருப்பிக் கொண்டாந்துருங்க."

குழந்தைவேலுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றியது. "என்னங்க தங்கச்சி?"

"கன்டெய்னர கப்பல்ல ஏத்த வேண்டாமுங்க. சேலத்துக்கே திரும்பி வரட்டும். லெட்டர் வேணும்னா நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

அப்துல் காதர் எழுந்து நின்றார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மகனைக் குழிக்குள் இறக்கியதில் தோள் வலி இன்னும் போகவில்லை. "என்னம்மா பேசற நீ? எம்மவன் கடைசியாத் தொட்டு ஏத்துன சரக்கு அது. அவன் நண்பனுக்குக் குடுத்த வாக்கு. மண்ணு காயல, அதுக்குள்ள நீ..."

"தெரியுதுங்க மாமா."

"தெரிஞ்சும் சொல்றியா?"

"பழைய பில்லுக்கே காசு வரல. இதும் போயிருச்சுன்னா ரெண்டும் போயிரும். மிளகு குடுத்தவங்களுக்கு நம்மகிட்டக் குடுக்க ஒண்ணும் இருக்காது." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடையில் ஒரு கிலோவுக்கு விலை சொல்வதுபோல் இருந்தது. அதுதான் கிழவரை அதிகம் சுட்டிருக்கவேண்டும். அவர் குழந்தைவேலிடம், "தொழிலு அவ பேர்லதான இருக்குது. அவ சொல்றபடி செய்யி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து வெகுநாள் அவர் அவளிடம் நேராகப் பேசவில்லை. தேவையானதை அமீனாவிடம் சொல்வார். அமீனா அதை அம்மாவிடம் சொல்வாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண், இரண்டு அறைகளுக்கு நடுவே வந்து போய்க்கொண்டிருந்தாள்.

புருஷன் இறந்தபின் இத்தா இருக்கும் பெண் நாலு மாதத்துக்கும் மேல் வீட்டைவிட்டு வெளியே போகமாட்டாள். ருக்சானாவுக்கு அது சிறையாகத் தோன்றவில்லை. ஆறுதலாகவும் தோன்றவில்லை. காலையில் எழுந்தாள், தொழுதாள், சமைத்தாள், பின்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மெயில்களுக்குப் பதில் எழுதினாள். குடோனில் வேலை செய்த சரஸ்வதி தினமும் ஒரு தடவை வந்து என்ன செய்வது என்று கேட்டுப்போனாள். ஆசிக்கின் சட்டைகள் அலமாரியில் அப்படியே இருந்தன. அவள் அவற்றைத் தவிர்க்கவும் இல்லை, எடுத்து முகர்ந்து பார்க்கவும் இல்லை. துண்டு எடுக்கும்போது கை அவற்றின்மேல் பட்டுப் போகும்.

போலந்துக்காரர் ஒரு பகல்பொழுதில் போன் செய்தார். ஆசிக் இறந்ததை யாரோ மெயிலில் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தவுடன் அழ ஆரம்பித்தார். தன் சொந்தத் தம்பியை இழந்ததுபோல் இருக்கிறது என்றார். தலைச்சோலையில் ஏணி மேல் நின்றதைச் சொன்னார், பிரியாணியைச் சொன்னார். ருக்சானா தன் இங்கிலீஷில் நன்றி சொன்னாள். தனக்கு வராத அழுகை கடல் தாண்டி போனில் கேட்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. அந்த மனிதர் நடிக்கவில்லை. அது நன்றாகத் தெரிந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினார். பிறகு கன்டெய்னரைப் பற்றிக் கேட்டார். அதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன், ஏதோ தவறு நடந்திருக்கும் என்றார். தவறு இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்றாள். அவர் பொறுமையாக விளக்கினார். பெரிய கடைக்காரர் ஒருவர் அந்தச் சரக்கை எதிர்பார்த்திருக்கிறார். வந்தால் பணம் வரும், முதல் வேலையாகப் பழைய பில்லைத் தீர்ப்பேன். வராவிட்டால் அந்த ஆர்டர் போய்விடும், அது போனால் கம்பெனியை மூடுவதைத் தவிர வழியில்லை. இன்சூரன்ஸ்காரர்களிடம் நிலுவை என்று சொன்னதைத் திரும்பப் பெறமுடியுமா, அதனால் மற்றவர்களும் எனக்குக் கடனுக்குத் தர மறுக்கிறார்கள் என்று கேட்டார். கடைசியில், ஆசிக் இருந்திருந்தால் அனுப்பியிருப்பான் என்றார்.

ஆமாம், அனுப்பியிருப்பார் என்றாள் ருக்சானா. உண்மை அதுதான். பிறகு, பழைய பில்லுக்குப் பணம் வந்த அன்று கன்டெய்னரை அனுப்புகிறேன் என்றாள். அவர் வைத்துவிட்டார்.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, அரிந்து வைத்திருந்த வெங்காயத்தைத் தாளிக்கப் போனாள். கண் எரிந்து நீர் வந்தது. அது வெங்காயத்தால் வந்ததுதான்.

தலைச்சோலைச் சித்தன் அடக்கத்தன்றே வந்து போயிருந்தார். அன்று மிளகுப் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆடி பிறந்த பிறகு மறுபடி வந்தார். வாசலோரம் நின்றபடியே அப்துல் காதரிடம் மழையைப் பற்றிப் பேசினார், காப்பி காய் பிடித்தது பற்றிப் பேசினார். ருக்சானா திரைக்குப் பின்னால் வந்து நின்று, "சித்தண்ணா, பணத்துக்குத்தான வந்தீங்க" என்றாள்.

"அதுக்கில்லீங்கம்மா... புள்ள காலேஜு சேத்தணும். சும்மா கேட்டுப்போட்டுப் போலாமுன்னு."

"திரும்பி வந்த சரக்க சேலத்துல வித்துட்டோமுங்க. சாதா மிளகு வெலதான் கெடச்சுது. அதுல உங்க பங்குல பாதி இப்பத் தரேன். மீதிக்கு இன்சூரன்ஸ் பணம் வரணும்."

சித்தன் தயங்கினார். "பாயி செத்ததுக்குங்களா அந்தப் பணம்?"

"இல்லீங்க. வாங்குனவரு குடுக்காததுக்கு."

"அவரு குடுக்கலீன்னா இங்க ஒருத்தரு குடுப்பாங்களா?" சித்தனுக்கு அது நம்பும்படி இல்லை. ஆனால் கொடுத்த பாதியை வாங்கிக்கொண்டு, "நொம்ப நேரம் நிக்க வெச்சுட்டனுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்சூரன்ஸ் என்ற ஒரு சொல் மட்டும் ஊருக்குள் போய்ப் பரவியது. இத்தாவில் உட்கார்ந்துகொண்டே புருஷன் செத்த பணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று மார்க்கெட்டில் யாரோ சொன்னதாகச் சரஸ்வதி வந்து சொன்னாள். சொல்லும்போது அவளுக்குத்தான் கோபம். "நீங்க ஒரு வார்த்தை கேளுங்கக்கா" என்றாள். "என்னத்தக் கேக்கறது, விடு" என்றாள் ருக்சானா. அவளுக்குக் கோபமும் வரவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே தூரத்தில் இருந்தது.

ஆவணியில் போலந்துக்காரரின் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அந்த ஊர் நீதிமன்றம் நியமித்த ஆளிடமிருந்து ருக்சானாவுக்கு மெயில் வந்தது. அதை இரண்டு முறை படித்தாள். அப்துல் காதரிடம் சொல்லச் சொல்லி அமீனாவை அனுப்பினாள். திரும்பி வந்த அமீனா, "ஒண்ணும் சொல்லலம்மா. பேப்பர மடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்காங்க" என்றாள். சற்று நேரம் நின்றுவிட்டு, "நீங்க சொன்னதுதானம்மா சரி" என்றாள். ருக்சானா மகளைப் பார்த்தாள். சரியாக இருந்தது என்பதில் என்ன கிடைக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

இனி நஷ்டஈடு கேட்கலாம். சேலம் கிளையில் இவர்கள் பாலிசியைக் கவனித்துவந்த வனிதா, ருக்சானா வீட்டைவிட்டு வெளியே வரமுடியாது என்று கேட்டதும், சனிக்கிழமை தானே பஸ் ஏறி வந்துவிட்டாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மலைப்பாதை ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளிறியிருந்தது. சரஸ்வதி கொடுத்த எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு, பின்னறையில் பாயில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டாள். கப்பல் பில், பேசிய மெயில்கள், நிலுவை சொன்ன தேதி, திவால் மனு. ருக்சானா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"ரெண்டாவது சரக்க நிறுத்துனது நல்லதாப் போச்சுக்கா" என்றாள் வனிதா. "அதையும் அனுப்பியிருந்தா அதுக்கு எதுவும் கெடைக்காது. முதல் சரக்குக்கும் ஆயிரம் கேள்வி வந்திருக்கும். எப்ப நிறுத்துனீங்க?"

"அவரு போய் மூணாம் நாளு."

வனிதாவின் பேனா நின்றது. எழுதாமல் அவளைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமுங்களா" என்றாள் ருக்சானா. "நான் அந்தச் சரக்க அனுப்பியிருந்தா அவரு கம்பெனி தப்பிச்சிருக்குமா?"

வனிதா காகிதங்களை நேராக அடுக்கினாள். "அது எங்களுக்குத் தெரியாதுங்கக்கா. வேற நாலஞ்சு பேருக்கும் பாக்கி வெச்சிருந்தாருன்னு மட்டும் தெரியும். தப்பிச்சிருக்கலாம். தப்பிக்காமயும் போயிருக்கலாம்."

"சரிங்க."

"இதை இப்ப நிறுத்திட்டு ஒரு நாலு நாள் கழிச்சு, அழுது முடிச்சுட்டுப் பேசுனாலும் நான் இருப்பேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

"அழுகை வரலீங்க" என்றாள் ருக்சானா. "அடுத்த கேள்வியக் கேளுங்க."

வனிதா மறுபடி குனிந்து எழுதினாள். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ருக்சானாவின் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள். அலுவலகத்து ஆள் அப்படிச் செய்யவேண்டியதில்லை.

இத்தா முடிந்த மறுவாரம் ருக்சானா சேலத்துக்கு பஸ் ஏறினாள். வங்கியில் ஒரு கையெழுத்து, வனிதாவின் அலுவலகத்தில் இன்னொன்று. அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் பயணம். கூட வருகிறேன் என்று சரஸ்வதி சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாள். பஸ் இறங்கத் தொடங்கியதும் மடியில் பையைத் திறந்து, பாக்கியைக் கேட்டுத் திவால் நீதிமன்றத்துக்கு அனுப்பவிருந்த மனுவில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தாள். நிமிர்ந்தபோது பஸ் அடிவாரத்து செக்போஸ்ட்டில் நின்றிருந்தது. பதினாலாவது வளைவு எப்போதோ பின்னால் போய்விட்டது. அவள் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே திரும்பி மலையைப் பார்த்தாள். அங்கே பனிமூட்டம்தான் தெரிந்தது. இதற்கு வெட்கப்படவேண்டுமா என்று யோசித்தாள். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்தான்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வேண்டுமென்றே கவனித்தாள். வளைவு வந்தது. தடுப்புச் சுவரில் கொஞ்சம் புதுச் சிமென்ட். குரங்கொன்று அதன்மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் திரும்பி மேலே ஏறியது.

நஷ்டஈடு வருவதற்குக் குளிர்காலம் ஆகிவிட்டது. முழுவதும் இல்லை. பாலிசிப்படி ஒரு பங்கு நஷ்டத்தை விற்றவரே தாங்கவேண்டும். வந்ததில் வங்கி தன் கடனை முதலில் எடுத்துக்கொண்டது. மீதியில் ருக்சானா, மிளகு கொடுத்த எல்லோரையும் ஒரே நாளில் வரச்சொல்லித் தீர்த்தாள். குறைந்ததை ஈடுகட்டத் தன் இரண்டு வளையல்களைச் சேலத்தில் விற்றிருந்தாள். சித்தன் பணத்தை எண்ணாமல் இடுப்பில் முடிந்துகொண்டு, "பொண்ணு நர்சிங் சேந்துருச்சுங்கம்மா" என்றார். "சந்தோசமுங்க" என்றாள். சந்தோஷம் என்று சொல்லவேண்டிய இடம் என்று தெரிந்ததால் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு, குடோன் கதவடியில் அப்துல் காதர் வந்து நின்றார். சிந்திக் கிடந்த மிளகுமணி ஒன்றைக் குனிந்து எடுத்து விரலில் உருட்டினார்.

"எல்லாருக்கும் குடுத்தாச்சா?"

அவர் தன்னிடம்தான் பேசுகிறார் என்று புரிய ருக்சானாவுக்குச் சற்று நேரமானது. "குடுத்தாச்சுங்க மாமா."

"வாழவந்திக்காரங்களுக்கும்?"

"ஆமாங்க."

அவர் மணியைச் சாக்குக்குள் போட்டார். "அவன் இருந்திருந்தா அனுப்பித்தான் இருப்பான்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. "அப்பறம் இந்த ஊட்ட வித்துருப்பான்." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். அன்று இரவு சாப்பாட்டுக்கு அவரே ருக்சானாவிடம் ரசம் கேட்டார். அமீனா தட்டிலிருந்து தலையைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டாள்.

அடுத்த மாசியில் மிளகு வந்தது. ருக்சானா புது ஆள் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தாள், நார்வேயில். சரக்கு கேட்ட மெயிலுக்குப் பதில் எழுதும் முன்பே அந்த ஆளின் பெயரை வனிதாவுக்கு அனுப்பி, எவ்வளவுக்குக் கடன் கொடுக்கலாம் என்று விசாரிக்கச் சொன்னாள். அவர் கேட்ட சரக்கில் பாதிக்குத்தான் சம்மதம் வந்தது. அந்தப் பாதியே போதும் என்று ஒப்புக்கொண்டாள்.

அதற்குச் சில வாரம் கழித்துப் போலந்துக்காரர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அழவில்லை. யாரோ ஒருவரின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். மூட்டை தூக்குவதில்லை, மூட்டை தூக்கும் வண்டியை ஓட்டுவதாகச் சொன்னார். அமீனா என்ன படிக்கிறாள் என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். பாக்கியை வசூல் செய்ய ஒரு ஆள் தன் வீட்டுக்கு வருகிறான், மனைவி பயப்படுகிறாள். உன் கம்பெனி பெயரைச் சொல்கிறான். அவனை நிறுத்தச் சொல்ல முடியுமா?

ருக்சானா அவருக்கு விளக்கினாள். இன்சூரன்ஸ் கம்பெனி எனக்குப் பணம் கொடுத்த அன்றே அந்தப் பாக்கி அவர்களுடையதாகிவிட்டது. வசூல் செய்வது அவர்கள். என் பெயர் காகிதத்தில் மட்டும்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மன்னிக்க நினைத்தாலும் மன்னிக்க முடியாத நிலையில் இருக்கிறேன் என்பதை எந்த இங்கிலீஷில் சொல்வதென்று தெரியாமல், "அது இப்போது என்னுடையது இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னோக்கி வருகிற பீப் ஒலி மட்டும் கேட்டது. நீ கோபமாக இருக்கிறாயா என்று கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர்மீது கோபம் இல்லை. வேன் ஓட்டியவன்மீது இல்லை. ஆசிக்மீதும் இல்லை. வேறு எதுவும் இருந்த மாதிரியும் தெரியவில்லை. "இல்லை" என்றாள். நல்லபடியாக இருங்கள் என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

முன்னறையில் அப்துல் காதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆரு போனுல?"

"போலந்துக்காரருங்க மாமா."

"நல்லா இருக்கறாரா?"

"வேலைக்குப் போறாராமுங்க."

அவர் தலையாட்டினார். குடோனிலிருந்து சரஸ்வதி, நார்வேக்கு அனுப்பவேண்டிய மாதிரி மிளகைச் சலித்தாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று குரல் கொடுத்தாள். ருக்சானா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியே போனாள். சரஸ்வதி முறத்தை நீட்டினாள். ருக்சானா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை சலிக்கணும்" என்றாள். "பொக்கு இருக்குது பாரு."